பம்பலும் ஒடியலும்

2018 கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு எங்கள் கோயில் மண்டபத்தில் நத்தார்க் கூட்டம் நடந்தது. மண்டபம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு தூணும் ஒரு தகரக் கூரையும். இளைஞர் ஒன்றியத் தம்பிமார் செலவுத் தாளோடு வந்திருந்தார்கள். சவுண்ட் சிஸ்ரத்துக்கு ஒரு தொகை, கலர் லைற்றுக்கு ஒரு தொகை, ஜெனறேற்றர் வாடகை, புகை கக்குகிற மெஷின், நத்தார் பாப்பாவுக்குக் கொழும்பிலிருந்து புதுச் சட்டை. கனடாவில் இருக்கிற யாரோ ஒருவருடைய சித்தப்பா பாதிக் காசை அனுப்பிவிட்டாராம். மிச்சத்துக்கு ஆலய சபை சம்மதிக்க வேண்டும்.

நான் எழும்பினேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவனுக்கு எழும்புவதற்குக் காரணம் தேவையில்லை. "அந்தக் காலத்திலை…" என்று தொடங்கியதும் பின்வரிசைத் தம்பி ஒருவன் பக்கத்திலிருந்தவனின் முழங்காலைத் தட்டினான். கண்டும் காணாததுபோல் விட்டேன். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியபோது பிச்சைக்காரக் கோலம். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம். இரவோடிரவாக, கதவைச் சாத்திக்கொண்டு பூசை. மணி இல்லை, மேளம் இல்லை. "அவையின்ரை விசுவாசத்துக்குப் புகை மெஷின் தேவைப்பட்டதோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். நல்ல இடத்தில் நிறுத்தினேன் என்று எனக்கே தோன்றியது.

"சேர், அப்ப சத்தம் போட்டா ஒல்லாந்தன் பிடிச்சுக்கொண்டு போயிருப்பான். இப்ப ஆர் பிடிக்கப்போகினம்? பிறகேன் மெல்லப் பாடுவான்?" என்றான் அந்தத் தம்பி.

மண்டபம் சிரித்தது. சுவாமியாரும் சிரித்தார்; அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. அதோடு விடாமல் அவர் ஒரு கதையும் சொன்னார். நாங்கள் பரம்பரைப் பக்தி என்று வைக்கோல் பரப்பிக் கட்டுகிற பாலன் குடில், 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்திக் காட்டிய காட்சியின் வழி வந்தது. அந்த ஊர்ச் சனம் அதற்கு முன் அப்படியொன்றைக் கண்டதில்லை. "அண்டைக்கும் ஒரு வாத்தியார் எழும்பிக் கேட்டிருப்பார், பூசைக்குக் கழுதை எதுக்கெண்டு."

சபை சம்மதித்தது. நானும் கையைத் தூக்கினேன், அரைவாசி.

வெளிநாட்டில் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு சொல்லை இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. பம்பல். கூடியிருந்து பகிடி விட்டு, சிரித்து, ஆரவாரம் போட்டுப் பொழுதைக் கரைப்பது பம்பல். கெட்ட சொல் இல்லை. "நேற்று நல்ல பம்பல்" என்றால் கேட்பவனுக்கு 'நான் இல்லாமல் போனேனே' என்று இருக்கும். இந்தச் சொல்லுக்கும் சந்தோசம் என்ற சொல்லுக்கும் நடுவில் வேலி போட்டு வைத்திருந்தவர் என் அம்மம்மா. அதை நான் முதலில் கேட்டது 1992 நத்தாரில்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பொருளாதாரத் தடை. மின்சாரம் 1990க்குப் பிறகு எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பற்றறி கொண்டுவரத் தடை. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைச் செருகிக் கம்பியில் தொங்கவிட்டால் அது ஒரு விளக்கு. அந்த விளக்கில் படித்துத்தான் எங்கள் வயதினர் பரீட்சை எழுதினோம். அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் கரோலுக்கும் போனோம். ஆனையிறவு முகாமிலிருந்து ஷெல் வந்து விழக்கூடிய தூரம் எங்கள் ஊர். வானத்தில் இரைச்சல் கேட்டால் பாட்டைப் பாதியில் விட்டு விளக்கை ஊதுவோம். சத்தம் போனதும் விட்ட அடியிலிருந்து பாடுவோம்.

இவ்வளவையும்தான் நான் மேடைகளில் சொல்வது வழக்கம். சொல்லாமல் விடுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு ரேப் ரெக்கோடர் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருத்தன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து அதைப் பாடவைப்போம். சுற்றுகிறவன் களைத்தால் தேவபாலனைத் தாலாட்டுகிற குரல் இழுபட்டு இழுபட்டு எருமை கத்துவதுபோல் ஆகிவிடும். சுற்றுகிறவன் வேண்டுமென்றே களைப்பான். அதற்கென்றே சில வீடுகள் வைத்திருந்தோம். நத்தார் பாப்பா அணிந்திருந்தது ஒருத்தனின் அக்காவுடைய சிவப்புச் சீலை. இலவம் பஞ்சுத் தாடி. எந்தெந்த வீட்டில் எங்களோடு படிக்கிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பாதை போட்டோம். அந்த வீடுகளில் இரண்டு பாட்டு, மற்ற வீடுகளில் ஒன்று. எங்களுக்கு ஒழுக்கம் போதித்து அனுப்பிவைத்த மூப்பரின் வளவில் அன்றிரவு ஒரு குலை செவ்விளநீர் காணாமல் போனது. வாஸ் அடிகளின் ஞாபகம் ஒருத்தனுக்கும் வரவில்லை.

சாமம் தாண்டி வீட்டுக்கு வந்தேன். அம்மம்மா முற்றத்து மூலையில் பனங்கிழங்கைக் குவித்து வைத்துக்கொண்டு, தோல் உரித்து இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நித்திரை வராத இரவுகளில் அவருக்கு அதுதான் வேலை.

"எப்பிடி மோனை?"

"நல்ல சந்தோசம் அம்மம்மா."

"பம்பல் எண்டு சொல்லு."

"ரண்டும் ஒண்டுதானே?"

அவர் கையிலிருந்த கிழங்கைத் தூக்கிக் காட்டினார். "பனையும் ஒண்டுதான். மேலை சீவினாக் கள்ளு. காலமை இனிக்கும், பின்னேரம் புளிக்கும். கீழை விழுந்த கொட்டையைத் தாட்டுவிட்டாக் கிழங்கு. கிண்டி எடுத்துக் கிழிச்சுக் காயப்போட்டா ஒடியல். வாற மாரிக்கும் கிடக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நான் கள்ளைக் குறை சொல்லேல்லை. உன்ரை அம்மப்பாவைக் கேட்டுப் பார்," என்று சிரித்தார்.

அம்மம்மா உம்மணாமூஞ்சி இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கோயிலில் கூத்து நடந்தால் முன்பாய் அவருடையது. ஏரோது அரசன் அட்டைக் கிரீடம் சரியச் சரிய வீறாப்புப் பேசும்போது கண்ணில் நீர் வரச் சிரிப்பார். பம்பலை ரசிக்கத் தெரிந்தவர். அதற்கு வேறு பெயர் வைப்பதைத்தான் பொறுக்கமாட்டார்.

சரி, ஒடியல் எது என்று அவர் சொல்லவில்லை. அதை நான் மறுநாள் கண்டேன், கண்டது என்னவென்று விளங்காமல்.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் இரண்டு பனைகள். அவை யாருடையவை என்பதில் அம்மம்மாவுக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் என் அம்மா பிறக்க முதலே சண்டை. வழக்குப் பேசக் கோடு இல்லாமல் போன காலத்திலும் சண்டை மட்டும் தவணை தவறாமல் நடந்தது. ஓலை விழுந்தால் சண்டை, பழம் விழுந்தால் பெரிய சண்டை. ஆச்சி சைவம், புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு வருசம் தவறாமல் பொங்குகிறவர். ஏசும்போது நாகதம்பிரானையும் சாட்சிக்குக் கூப்பிடுவார். அம்மம்மா பதிலுக்கு மடு மாதாவைக் கூப்பிடுவார். இரண்டு தெய்வங்களும் எங்கள் வேலியடியில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நத்தார் பூசை முடிந்து வந்ததும், வேறு யாருக்கும் கொடுக்க முதல், அம்மம்மா ஒரு தட்டில் பயத்தம் பணியாரமும் அச்சுப்பலகாரமும் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, வேலிப் பொட்டால் புகுந்து ஆச்சி வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வருசம் பயறு கிடைப்பதே அரும்பாடு. பெட்டியின் அடியில் கிடந்ததைப் பொறுக்கி இடித்துச் செய்த பணியாரத்தில் பாதி அந்தத் தட்டில். நான் முணுமுணுத்தேன். போகும்போது அவர் முகம் கடுப்பாகத்தான் இருந்தது. கைப்பு மருந்து குடிக்கப் போகிறவரின் முகம். திரும்பி வந்தபோது இருந்த முகத்தை எழுத முயன்று இரண்டு தாள் கிழித்துவிட்டேன். சிரிக்கவில்லை. வந்ததும் அடுப்படியில் குந்திக்கொண்டு பனங்கட்டித் துண்டைக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். தைப்பொங்கலன்று அதே தட்டில், அதே வெள்ளைத் துணிக்கடியில், ஆச்சி வீட்டுப் புக்கை வந்தது. மாசி பிறந்ததும் ஓலை விழுந்தது, சண்டை தொடர்ந்தது.

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975இல் மகிழ்ச்சியைப் பற்றியே ஒரு மடல் எழுதியிருக்கிறார். தொழில்நுட்பம் இன்பங்களைப் பெருக்கிவிட்டது, ஆனால் மகிழ்ச்சியைப் பிறப்பிக்க அது பெரும்பாடு படுகிறது என்பது அதில் ஒரு பகுதியின் கருத்து. பிற்காலத்தில் மறைக்கல்வி வகுப்புக்காக அதைப் படித்தபோது 'எங்கேயோ கேட்டிருக்கிறேனே' என்று இருந்தது. அம்மம்மா அந்த மடலைக் கண்டதில்லை. வாசிக்க மூக்குக் கண்ணாடியும் இருக்கவில்லை. பனை இருந்தது.

அவர் 2004இல், சமாதான காலத்தில், தன் பாயிலேயே போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் அது பெரிய பேறு. 2009 தை மாதம் நாங்கள் எல்லோரும் தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே நகரத் தொடங்கியதும், வைகாசியில் யுத்தம் முடிந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இங்கே அதைத் தொடவில்லை. அந்த வருச மார்கழியில் செட்டிகுளம் மெனிக் பாமில், ஆனந்தகுமாரசாமி முகாமில் இருந்தோம். அங்கே பல முகாம்களுக்குப் பெரிய தமிழர்களின் பெயர். இராமநாதனில் தண்ணீர் இல்லை, அருணாசலத்தில் வெள்ளம் என்று பேசிக்கொள்வோம். சிற்பத்தையும் நடனத்தையும் உலகுக்கு எடுத்துச் சொன்ன கலாயோகியின் பெயரில் எங்களுக்குக் கிடைத்தது தறப்பாள்.

மார்கழி 13, திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறு. அதற்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். குருவானவர் ஊதாவை விட்டு ரோசாப்பூ நிற உடுப்புப் போடலாம். முகாமில் ரோசாப்பூவுக்கு எங்கே போவது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிற வாசகம் அன்று: பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம். சிறையில் இருந்துகொண்டு, மகிழுங்கள் மகிழுங்கள் என்று புனித சின்னப்பர் எழுதிய கடிதம். முட்கம்பிக்குள் நின்று கேட்டோம். "சின்னப்பருக்குக் கக்கூஸ் வரிசை இருந்திராது," என்று என் பக்கத்தில் நின்றவர் மெல்லச் சொன்னார். வாய்விட்டுச் சிரித்தேன். மாதக்கணக்கில் சிரிக்காத சிரிப்பு. அது பம்பல். அதற்கும் நான் நன்றி உள்ளவன்.

நத்தார் காலை எங்கள் தறப்பாள் வாசலில் பக்கத்து வளவு ஆச்சி வந்து நின்றார். முள்ளந்தண்டு வளைந்து பாதி உயரமாகியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் தட்டு. மேலே, எங்கே கண்டெடுத்தாரோ, ஒரு வெள்ளைத் துணி. நிவாரண மாவில் சுட்ட றொட்டி மூன்று.

"கொம்மம்மா இருந்தா பணியாரம் கொண்டந்திருப்பாள்," என்றார். "அவள் இல்லை. அதுதான் நான் வந்தனான்."

உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். போகும்போது திரும்பி, "அந்த ரண்டு பனையும் என்ரைதான். அதையும் சொல்லிப்போட்டன்," என்றார்.

இனி 2018க்கு வருகிறேன். அதே பிலிப்பியர் வாசகம் சுழன்று வந்த மூன்றாம் ஞாயிறு மார்கழி 16. கரோல் ஊர்வலம் 22ஆம் திகதி சனிக்கிழமை இரவு என்று ஏற்பாடு. அன்று உந்துவப் பௌர்ணமி விடுமுறையும் கூட. வெள்ளிக்கிழமை இரவு மழை தொடங்கியது. மழை என்ற சொல் போதாது. அதே மாதந்தான் புதுப்பித்த இரணைமடுக் குளத்தை சனாதிபதி வந்து திறந்துவைத்திருந்தார். குளம் நிரம்பி, வான்கதவுகள் திறபட, கனகராயன் ஆறு கண்டாவளைப் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் ஒன்றாக்கிக்கொண்டு ஆனையிறவுக் கடலுக்குப் போனது. விடியும்போது எங்கள் வாசற்படி இல்லை. சனங்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஓடினார்கள்.

நானும் ஓடினேன். எடுத்துக்கொண்டு ஓடியது சான்றிதழ் பைலும், நத்தாரன்று பேசுவதற்கென்று எழுதி வைத்திருந்த உரையும். பள்ளிக்கூடத்தில் ஒரு மேசையில் ஏறி நின்று தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு சேவை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இளைஞர் ஒன்றியத்தார் நெஞ்சளவு வெள்ளத்தில் லொறி ரியூப்களைத் தள்ளிக்கொண்டு கிழடு கட்டைகளை இழுத்து வந்தார்கள். முழங்காலைத் தட்டிய அதே தம்பி மட்டும் ஏழு நடை. நான் எண்ணினேன், எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. வாடகைக்கு எடுத்திருந்த ஜெனறேற்றர் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கலர் லைற்றைத்தான் மாட்ட முடிந்தது. பால்மா வரிசையில் நின்ற தாய்மாரின் முகங்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறிக்கொண்டிருந்தன. சவுண்ட் சிஸ்ரத்தில் நீரிழிவு மாத்திரையைத் தவறவிட்டவர்களின் பெயர் வாசித்தார்கள். ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் அரிசி மூட்டை. புகை மெஷினுக்கு மட்டும் கடைசி வரை ஒரு உபயோகமும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

கொழும்பிலிருந்து வந்த நத்தார் பாப்பாச் சட்டை பிரிக்காத பொலித்தீன் பையில் காய்ந்தபடி இருந்தது. நனைந்து, பல்லுக் கிடுகிடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு அதை மாட்டிவிட்டார்கள். எழுபது வயது, பரம சைவர். நெற்றியில் மூன்று குறி திருநீறு, உடம்பில் வெள்ளைக் கரை வைத்த சிவப்புச் சட்டை, கையில் பிளேன்ரீ. இரண்டு நாள் அப்படியே இருந்தார். சின்னப் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு பரிசு கேட்டார்கள். அவர் தனக்குக் கிடைத்த பிஸ்கட்டை நாலாக முறித்துக் கொடுத்தார்.

25ஆம் திகதி அதிகாலை சுவாமியார் வகுப்பறையில் பூசை வைத்தார். மைக் போடவில்லை; மற்ற அறைகளில் சனம் நித்திரை. தம்பிமார் மெல்லத்தான் பாடினார்கள், ஒல்லாந்தன் இல்லாமலே. என் உரை பையிலேயே கிடந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்தினால் தம்பிமாருக்கு ஒளிவட்டம் கட்டின மாதிரி ஆகிவிடும். அப்படியில்லை. அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து, நத்தாருக்குக் கூடப் பையைத் திறந்து காட்டிவிட்டுக் கோயிலுக்குள் போனோம். அதற்கும் பிறகு கொரோனா. எல்லாம் ஓய்ந்ததும் சவுண்ட் சிஸ்ரம் திரும்பி வந்தது, முன்னிலும் பெரிதாக. பாலன் பிறப்புப் பாட்டுக்குச் சினிமா மெட்டு. பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல் தெரியாது, பாடுகிறவனுக்கும் தெரியாது. நற்கருணை எழுந்தேற்ற நேரத்தில் நாலு பேர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். போன நத்தாருக்கு மறுநாள் அந்தத் தம்பி கோயில் படியில் முகம் தொங்க உட்கார்ந்திருந்தான். என்னடா என்றேன். கரோல் வீடியோவுக்கு முதல் நாள் வந்த ஆட்கள் இரண்டாம் நாள் வரவில்லையாம். பின்னேரக் கள்ளு என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை, என் சட்டைப் பையில் என் போன் இருந்தது. என் நத்தார் உரையை ஆலய வட்ஸ்அப் குழுவில் போட்டு, எத்தனை பேர் கைகூப்பியிருக்கிறார்கள் என்று காலையிலிருந்து ஆறுதரம் பார்த்திருந்தேன்.

அவன் பக்கத்தில் போய் இருந்தேன். "அந்த வெள்ளத்திலை ஏழு நடை போனியே, அதை ஆரும் வீடியோ எடுத்தவையோ?" என்று கேட்டேன்.

யோசித்தான். "இல்லை சேர். போன் நனைஞ்சிடுமெண்டு வீட்டை வைச்சிட்டுப் போனனான். அதோடை போனும் போட்டுது." பிறகு தன்பாட்டில் சிரிக்கத் தொடங்கினான். ஏழாவது நடையில் ஏற்றி வந்த கிழவி வழி நெடுக அவனை ஏசிக்கொண்டே வந்த கதையைச் சொன்னான், கோழியை விட்டுவிட்டு வந்ததற்காக. நடந்து இத்தனை வருசமாகியும் கதை அப்படியே கிடந்தது.

எங்கள் வேலியடிப் பனை இரண்டும் இப்போது இல்லை. 2010இல் திரும்பி வந்தபோது இரண்டுக்கும் தலை இல்லை, பிறகு விழுந்துவிட்டன. எல்லைக் கல்லையும் காணவில்லை. வேலி எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய இரண்டு பேரும் இல்லாததால், குத்துமதிப்பாக ஒரு கம்பி இழுத்திருக்கிறோம். ஆச்சியின் பேரனிடம் ஒரு லான்ட்மாஸ்ரர் இருக்கிறது. நத்தார் பாப்பா வருசா வருசம் அதன் பெட்டியில் ஏறித்தான் ஊர்வலம் போகிறார். ஓட்டுவது பேரனேதான், கழுத்தில் உருத்திராக்கத்தோடு.

இந்த வருசம் கரோல் கணக்கை என்னிடம் தந்திருக்கிறார்கள். உரை நிகழ்த்தாமல் இருப்பதற்காகத் தந்திருக்கவும் கூடும். நேற்று ஆச்சியின் பேரனிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டு வந்து கொப்பியில் முதல் வரியாக எழுதினேன்: லான்ட்மாஸ்ரர், டீசல் மட்டும். கூலி வேண்டாமாம்.